குழந்தையின் வயிற்றிலிருந்து வந்த காசு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளபடி சரியானவை. எனக்கு வயது 44. பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருபத்தோரு ஆண்டுகளாகப் படம் எடுப்பவராகப் பணிபுரிந்து வருகிறேன். அங்கே பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை என்னை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவர் தையல் எந்திரம் பழுது பார்க்கிறார். இதற்கு முன் என் மேல் எந்தப் புகாரும் எங்கும் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு, யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அம்மா முன்னிலையில் பின்வருமாறு சொல்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை காலை சுமார் 10.30 மணிக்கு, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் தாயும் தகப்பனும் எங்கள் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். தகப்பனார் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பொக்லைன் வண்டி ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. சாதாரணமாக அந்த வயதுக் குழந்தைகள் எங்கள் மேசையில் படுக்காது. தாய்க்கோ தகப்பனுக்கோ ஈயக் கவசத்தை மாட்டிவிட்டு, ஒருவர் கையையும் ஒருவர் காலையும் அழுத்திப் பிடித்தால்தான் படம் விழும். இந்தக் குழந்தையை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. படுக்கவைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. தாய் அதைப் பெருமையாக, "ரொம்ப சமத்துக்கா இவ" என்று சொன்னார். எனக்கு அந்தச் சமத்து பிடிக்கவில்லை.

படத்தில் இரைப்பை இருக்கும் இடத்தில் ஒரு காசு தெரிந்தது. காசு விழுங்கிய குழந்தைகளை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். எந்த உலோகக் காசானாலும் படத்தில் ஒரே வெள்ளைதான், ஆகவே நிறத்தை வைத்து நான் எதையும் சந்தேகிக்கவில்லை. அதன் ஓரம்தான் உறுத்தியது. இப்போது புழங்கும் காசெல்லாம் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருக்கும். இது ஒரு பக்கம் சப்பையாகவும், இன்னொரு பக்கம் சின்ன வெடிப்போடும் இருந்தது. அதற்குக் கீழே குடல் பகுதியில் கடுகைவிடச் சிறியதாக மூன்று வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன.

அதன் பிறகு வயிற்று டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, மதியம் 2 மணிக்குக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் காசை எடுத்தார். அதன் பிறகு வயிறு காலியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் என்னிடம் அனுப்பினார். இரண்டாவது படத்தில் காசு இல்லை. மூன்று புள்ளிகளும் இருந்தன, ஒன்று மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நான் அதை டாக்டரிடம் காட்டினேன். அவர், "மருந்துத் தூளா இருக்கும். காசு வெளிய வந்துருச்சுல்ல, விடுங்கக்கா" என்றார். அவர் நல்ல டாக்டர். அன்றைக்கு அவர் அறைக்கு வெளியே இன்னும் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

டாக்டர் அந்தக் காசை மூடி போட்ட சிறிய மாதிரிக் குப்பியில் போட்டு, பெற்றோரிடம் காட்டி, "இது உங்க வீட்டுக் காசா?" என்று கேட்டார். தாய் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் குப்பியைப் பார்க்காமலேயே, "எங்களுது இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "வயிறாவது உங்க பொண்ணோடதுதானே?" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் காசைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, குப்பியைக் கருவிகள் வைக்கும் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அதன் பிறகு மாலை 4.15 மணிக்கு, வேறொரு நோயாளியின் படத்தைக் கொடுக்க, டாக்டர் குழாய் விடும் அந்த அறைக்குப் போனபோது, அறையில் ஆள் இல்லாத நேரத்தில், மேற்படி குப்பியை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஏன் எடுத்தீர்கள் என்று ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு என் பதில்: அந்தக் குழந்தை கிடந்த கிடப்பும், அந்த மூன்று புள்ளிகளும் என்னை விடவில்லை. இருபத்தோரு வருடமாக ஈயத்தைத் தோளில் போட்டு வேலை செய்கிறவள் நான். ஈயம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு முதலில் பசி போகும், பிறகு வயிறு வலிக்கும், பிறகு தூக்கம் தூக்கமாக வரும் என்று எங்கள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது வெறும் சந்தேகம்தான், டாக்டர் முன்னால் போய் நிற்க என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. முன்பு ஒருமுறை வேறொரு நோயாளி விஷயமாக வாய் திறந்து, "நீங்க படத்த எடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்ற பதிலை வாங்கியிருக்கிறேன். ஆகவே அது என்ன காசு, எதில் செய்தது என்று முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை 7.30 மணிக்கு, நோயாளிகள் வருவதற்கு முன்பே போய், காசைக் கழுவிப் பார்த்தேன். தேய்ந்துபோன, கரும்பச்சை நிறமான காசு. ஒரு பக்கம் செம்பு நிறம் தெரிந்தது. எண் எதுவும் கிடையாது. அதன் பிறகு அதை மேசையில் வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றும் சரியாக விழவில்லை. கதிரின் அளவைக் கூட்டி இன்னும் இரண்டு முறை எடுத்தேன். மூன்றாவதில் ஒரு ஆள் நிற்பதுபோலவும் எதையோ குத்துவதுபோலவும் தெரிந்தது. அந்த மூன்று படங்களையும் பதிவேட்டில் எந்திரச் சோதனை என்று எழுதினேன். அது பொய். அதன் பிறகு காசை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். சுத்தமான ஈயமாக இருந்தால் பென்சில் மாதிரி கோடு விழும். கோடு விழவில்லை. அப்போதாவது மனது ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. அன்று காலை ஒரு பெரியவரின் முழங்கால் படத்தில் இடது என்று போட வேண்டிய இடத்தில் வலது என்று போட்டுவிட்டேன். இருபத்தோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நல்ல வேளையாக அவரே, "அம்மா, எனக்கு வலிக்கிற கால் இது" என்று தட்டிக் காட்டினார்.

அன்று மதியம் 12 மணிக்கு அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாயின் தோளில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடியபடி, என் அறை வாசலைக் கடந்துபோனது.

அதன் பிறகு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். சுமார் 2.30 மணிக்கு நான் மாடிப்படி இறங்கும்போது, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வயிற்று டாக்டரிடம் அந்தக் குப்பி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் கைபேசிப் படத்தை யாருக்கோ அனுப்பியதாகவும், அவர் அது மிகப் பழைய காசாக இருக்கலாம் என்று சொன்னதாகவும் என் காதில் விழுந்தது. குப்பி அப்போது என் கைப்பையில் இருந்தது. நான் நிற்கவில்லை.

மாலை 3.15 மணிக்கு ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பழங்காசுகளைக் கவனித்துக்கொள்ளும் காப்பாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நான் குப்பியைத் திறந்து காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, "எங்க கெடச்சுது?" என்று கேட்டார். "ஒரு குழந்தை வயித்துல இருந்துச்சுங்க ஐயா" என்றேன். அவர் காசை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அவர் காசை எடைபோட்டார். இரண்டே கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அளவு பதினேழு மில்லிமீட்டர். அதன் பிறகு சன்னல் திரையை இழுத்துவிட்டு, மேசை விளக்கைக் காசின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட மேசையோடு ஒட்ட வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். தேய்ந்த காசை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் பழைய மேடுகளின் நிழல் விழும் என்று சொல்லி என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு முதலில் வெறும் கறைதான் தெரிந்தது. அவர் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, ஒரு கழுத்து, ஒரு தாடை, தலையைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. "முத்து கட்டுன தலைப்பட்டை. ராஜா" என்றார். தலைக்கு முன்னால் மூன்று எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. அதை ஒரு தாளில் வரைந்து, புத்தகத்தைப் புரட்டினார்.

நான் இரண்டு முறை எழுந்து வாசல் வரைக்கும் போய் வந்தேன். அவர் தலை நிமிராமல், "உக்காருங்கம்மா, இவ்வளவு நாள் பொறுத்துருச்சு, இன்னும் அரை மணி நேரம் பொறுக்காதா" என்றார். நான், "அது பொறுக்கும் ஐயா, குழந்தை பொறுக்காது" என்றேன். அதற்குப் பிறகு அவர் பக்கங்களை வேகமாகத் திருப்பினார்.

காசின் பின்பக்கத்தில் ஒருவன் நின்று ஈட்டியைக் கீழ்நோக்கிக் குத்துகிறான் என்றும், அவன் காலடியில் குதிரையிலிருந்து ஒருவன் விழுகிறான் என்றும் அவர் காட்டினார். குதிரையின் ஒரு கால் மட்டும் எனக்கும் தெரிந்தது. நான் எக்ஸ்ரேயில் பார்த்ததும் இதைத்தான் என்று புரிந்தது. முன்பக்க எழுத்து மட்டும் என்றால் அது அப்பாவா மகனா என்று சொல்ல முடியாது, அந்த வீட்டில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர், ஆனால் குதிரைக்காரன் விழுகிற இந்தப் படம் பத்துப் பதினைந்து வருடம் மட்டுமே அடித்தது, ஆகவே மகன்தான் என்றார். கான்ஸ்டான்டியஸ் என்ற ரோமாபுரி அரசன் காலத்துச் செப்புக் கலவைக் காசு, ஆயிரத்து அறுநூற்று எழுபது வருடம் இருக்கும், முன்னே பின்னே ஆகலாம் என்று சொன்னார். "இது ஒண்ணும் அபூர்வம் இல்லம்மா. அந்தக் காலத்துச் சில்லறை. நெறைய பேர் கை பட்டுத் தேஞ்சிருக்கு. ஆனா பாருங்க, வயித்துப் புளிப்பு மேல இருந்த பச்சையெல்லாம் அரிச்சிருக்கு, அதனாலதான் இந்த மூணு எழுத்தாவது தெரியுது. நாங்க மாசக்கணக்குல சொரண்டற வேலைய ஒரு நாள்ல முடிச்சிருச்சு" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான், "இதுல ஈயம் இருக்குமா ஐயா?" என்று கேட்டேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். இருபது வருடமாக எல்லோரும் என்ன விலை போகும் என்றுதான் கேட்டிருக்கிறார்களாம், ஈயம் இருக்குமா என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம். "இருக்கும். வெள்ளி தீந்துபோன காலம். செம்பயும் மிச்சம் பிடிக்க ஈயத்த ஊத்துனாங்க. சிலதுல பத்துல ஒரு பங்கு, சிலதுல அதுக்கும் மேல. பச்சையா பொடியா உதிருதே, அதுலயும் இருக்கும்" என்றார். அப்போது அந்த மூன்று புள்ளிகள் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நான் எழுந்துவிட்டேன். அவர்தான், "இருங்கம்மா, இன்னொண்ணு" என்று கூப்பிட்டுக் காசின் பின்பக்க ஓரத்தைக் காட்டினார். அங்கே பச்சைக் கறை பிறைபோல வளைந்து, கோடு கிழித்ததுபோல நின்றிருந்தது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் காசு சுத்தமாக இருந்தது. இதன் மேல் இன்னொரு காசு ஒட்டிக்கொண்டு மண்ணுக்குள் கிடந்திருக்கிறது, அதைச் சமீபத்தில்தான் யாரோ பிரித்திருக்கிறார்கள், இந்த மாதிரிச் சில்லறை தனியாகக் கிடைப்பது குறைவு, மூட்டையாகப் புதைத்து வைத்ததுதான் கட்டியாகக் கிடைக்கும் என்றார்.

நான், "அப்ப இன்னும் இருக்குங்களா?" என்றேன். "ஒண்ணாவது இருக்கு. இல்லன்னா இந்தப் பிறை எப்படி விழும்?" என்றார்.

மண்ணிலிருந்து கிடைத்த பழம்பொருளைச் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும் என்றும், காசைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லி, காசின் விவரத்தையும் அதில் ஈயம் கலந்திருக்கும் என்பதையும் எழுதி அவர் எனக்கு ஒரு ரசீது கொடுத்தார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். அப்போது மணி 5.10.

புதன்கிழமை காலை 8.45 மணிக்கு நான் வேலைக்குப் போனபோது, குழாய் விடும் அறைக்கு வெளியே கூட்டமாக இருந்தது. அந்த அறையைத் துப்புரவு செய்பவரை எல்லோரும் சின்னக்கா என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். காசு பழங்காலத்தது, காணாமல் போய்விட்டது, திங்கட்கிழமை மாலை அறையைக் கூட்டியவர் அவர் என்பதால் கண்காணிப்பாளர் அவர் பெட்டியையும் கைப்பையையும் சோதிக்கச் சொல்லியிருந்தார். காவலாளி ஒரு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி, மாற்றுச் சேலை, மடித்த காகிதத்தில் கொஞ்சம் ஊசிநூல். சாப்பாட்டு டப்பாவையும் திறந்தார்கள். கரண்டியால் அடி வரைக்கும் கிளறிப் பார்த்தார்கள்.

சின்னக்கா என்னைப் பார்த்ததும், "எக்ஸ்ரேக்கா, நீங்களே சொல்லுங்க, நான் எடுப்பேனா?" என்று கேட்டார்.

நான், "நீங்க எடுக்க மாட்டீங்க" என்றேன்.

நான் சொன்னது உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அந்த டப்பாவை மூடியிருப்பார்கள். நான் சேர்க்கவில்லை. அவர் மேல் இந்த நிலையத்தில் புகார் கொடுத்து, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டப்பாவை எடுத்துக்கொள்ளாமலேயே போனார். காரணம் கேட்டால் இரண்டு சொல்கிறேன். நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் என்னை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள், அந்த வீட்டில் மிச்சக் காசுகளைத் தேடிப் போக ஆள் இருக்காது என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை 4.30 மணிக்கு, மருத்துவமனைப் பதிவேட்டில் முகவரியைப் பார்த்து, குழந்தையின் வீட்டுக்குப் போனேன். அப்படி முகவரி எடுப்பதும் விதிப்படி தவறு. டயர்க் கடைக்கு மேலே ஒரே அறையும் சமையலிடமும் உள்ள வீடு. மாடிப்படியின் நடுவில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி கடை விரித்திருந்தாள். சோடா மூடிகள், பொத்தான்கள், பல் உடைந்த ஒரு துணிக் கவ்வி. சுவரில் சாய்ந்துகொண்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். குழந்தையின் அக்காள் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னைப் பார்த்து, "என்ன வேணும்? சில்லறையா குடுங்க, எங்கிட்ட பாக்கி தர இல்ல" என்றாள். "சில்லறை எங்க போச்சு?" என்று கேட்டேன். "அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள். எத்தனை இருந்தது என்று கேட்டதற்கு, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு யோசித்து, இன்னும் ஒரு விரலைக் காட்டினாள். அந்தச் சில்லறையை வாயில் போடுவாயா என்று கேட்டேன். படியின் மேல்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியமாக, "முதல்ல ஒண்ணும் இருக்காது. அப்புறம் புளிக்கும். தங்கச்சி முழுங்கிட்டா, நான் முழுங்க மாட்டேன், உறிஞ்சிட்டுத் துப்பிருவேன்" என்றாள்.

அதன் பிறகு நான் மேலே போய்த் தாயிடம் பேசினேன். சின்னவள் பாயில் படுத்திருந்தாள். பெரியவள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். ஒரு மாதமாகச் சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறாள், வயிறு வலி என்று பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள், வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார், அதற்காக நேற்றுத்தான் இரண்டு அடி வைத்தேன் என்று தாய் சொன்னார். நான் ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படியிலிருந்து பெரியவளைக் கூப்பிட்டு வந்து, குழாயடியில் அவள் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவி முடித்தும் மறுபடி சோப்பை எடுத்தார். பெண், "அம்மா, எரியுது" என்ற பிறகுதான் நிறுத்தினார்.

சுமார் 5.15 மணிக்குத் தகப்பனார் வந்தார். செருப்பிலும் கால்சட்டையிலும் மண் அப்பியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மேடத்துக்கு இங்க என்ன வேலை? அந்தக் காசு எங்களுது இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்" என்றார்.

"உங்களுது இல்லன்னா யாருதுங்க?"

"மண்ணோடது."

அதன் பிறகு நான் அவரிடம், "பெரியவள நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, காசப் பத்தி நான் இப்ப கேக்கல" என்றேன். அவர் நின்றபடியே இருந்தார். தாய் அவரிடம், "நீ தந்தத நான் விளையாட்டுச் சாமான்னு நெனச்சேன்யா. நேத்து இவள அடிச்சேன்யா நான்" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து சொன்னார். ஐந்து வாரத்துக்கு முன் அஸ்திவாரம் தோண்டும்போது வண்டியின் வாளிப் பல்லில் பச்சையாக ஒரு கட்டி மாட்டியதாகவும், உதிர்த்துப் பார்த்தால் காசு என்றும், மேலே சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். போன வருடம் இன்னொரு ஓட்டுநர் பழைய பானை கிடைத்தது என்று சொல்லி, நான்கு மாதம் வேலை நின்றதாம். அதற்குப் பிறகு அந்த ஓட்டுநருக்கு யாரும் வண்டி ஓட்டும் வேலை தரவில்லையாம். "பொருளா இருந்தா வித்திருப்பேன் மேடம். எதுக்கும் ஆகாத தேஞ்ச காசு. புள்ளைங்க கடை வெச்சு விளையாடுமேன்னு கொண்டாந்தேன்" என்றார். மிச்சம் எங்கே என்று நான் கேட்டதும் எழுந்து கால் கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை 9 மணிக்குத் தாய் இரண்டு பெண்களையும் கூட்டிவந்தார். நான் டாக்டர் சீட்டு இல்லாமல் பெரியவளின் வயிற்றைப் படம் எடுத்தேன். காசு எதுவும் இல்லை. புள்ளியும் இல்லை. சுத்தமான படம். நான் அதை எடுத்துக்கொண்டு வயிற்று டாக்டரிடம் போய், இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேக்கா. சீட்டு இல்லாம யாரு எடுக்கச் சொன்னா?" என்று கோபித்தார். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வீட்டையே கலக்கிவிட்டு வந்திருக்கிறோமோ என்று தோன்றியது. அதன் பிறகு நான் அருங்காட்சியக ரசீதை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "காசு உங்ககிட்டயா இருந்துச்சு?" என்றார். "ஆமா. அத அப்புறம் பேசலாம் டாக்டர், முதல்ல ரத்தம் எடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டை எழுதியதோடு, அன்று அவர் கண்காணிப்பாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியது நான்தான் என்று விட்டுவிட்டதாக நினைக்கிறேன். வியாழக்கிழமையும் நான் சொல்லவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை காலை 11.20 மணிக்கு முடிவு வந்தது. உடம்பில் இருக்கவே கூடாத பொருள் அது. ரத்தத்தில் ஈயத்தின் அளவு சின்னவளுக்கு முப்பத்தெட்டு, பெரியவளுக்கு ஐம்பத்திரண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் மருந்து கொடுத்தே தீர வேண்டும். விழுங்கினவளைவிட உறிஞ்சினவளுக்குத்தான் அதிகம், விழுங்கியிருக்காவிட்டால் இவளைப் பற்றி யாருக்கும் தெரிந்தே இருக்காது என்று டாக்டர் சொன்னார். இரண்டு பேரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு இன்று மதியமே முதல் மாத்திரையைக் கொடுத்தாயிற்று. இப்போதே கண்டுபிடித்ததால் தேறிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதாகவும், பெரியவளின் படிப்பைச் சில வருடம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் டாக்டர் தாயிடம் சொன்னார். திங்கட்கிழமை அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டது தன் தவறு என்றும் டாக்டரே தாயிடம் சொன்னார்.

மதியம் 1.30 மணிக்குத் தகப்பனார் என் அறைக்கு வந்து, வண்டி துடைக்கும் துணியில் கட்டிய ஒரு முடிச்சை மேசைமேல் வைத்தார். உள்ளே பத்துக் காசுகள் இருந்தன. இரண்டு இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றோடு சேர்த்து, பெரியவள் விரலில் காட்டிய பதினொன்றுக்குக் கணக்குச் சரியாக இருந்ததால், காணாமல் போனது எதுவும் எந்த வயிற்றிலும் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர், "எந்த இடத்துல தோண்டுனேன்னு சொல்லணுமா?" என்று கேட்டார். "சொல்லணும்" என்றேன். "அப்ப நானே வந்து சொல்றேன். என் வாயால வரட்டும்" என்றார். நாளை காலை இந்த நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவராகவே கொண்டுவந்து கொடுத்தார் என்பதை இதில் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேற்படி பத்துக் காசுகளையும் முடிச்சோடு ஆய்வாளர் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு கண்காணிப்பாளரிடம் போய்க் காசை எடுத்தது நான் என்று சொன்னேன். அவர், "இவ்வளவு நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க, இத ஏன் பெருசாக்கணும், உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்றார். சின்னக்காவின் மேல் கொடுத்த புகார் போலீஸ் நிலையத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். அது தானாக அடங்கிவிடும் என்றார். ஆகவே நான் இங்கே வந்தேன்.

வரும் வழியில் சின்னக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றபடி கேட்டார், நானும் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. முதலில், "பசங்க பொழச்சுக்குமா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் எதிர்வீட்டுக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "காச எடுத்தது சரிதான். நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்கிட்ட கேட்டேன் பாரு" என்று சொல்லி நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு, "போ, போய் எழுதிக் குடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

துப்புரவுப் பணியாளர் சின்னக்காவுக்கும் மேற்படி காசு காணாமல் போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் அந்தக் குப்பியைத் தொட்டதுகூட இல்லை.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் அம்மா எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். புதன்கிழமை பற்றிய இடத்தில், "குழந்தைகள் பற்றிய கவலையில், மறதியால் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "உங்களுக்கு நல்லதுக்குத்தாம்மா சேத்தேன், மறதின்னு இருந்தா மேல பெருசா ஒண்ணும் வராது" என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். அவருக்கு என் நன்றி. அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். நான் மறக்கவில்லை. அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கரண்டியால் கிளறிய நேரம் முழுவதும் எனக்கு எல்லாம் நினைவில் இருந்தது. அந்த வரி என் எதிரிலேயே அடிக்கப்பட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது.

மிச்சமுள்ளதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. நடந்தது இதுதான், இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
எக்ஸ்ரே பிரிவு, பொது மருத்துவமனை
வெள்ளிக்கிழமை, மாலை 6.50 மணி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. ஒரு வரி அடித்தல் உண்டு. வாக்குமூலம் அளித்தவர் கேட்டுக்கொண்டதால் அடிக்கப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர்